எம்.சி. எடுத்து வந்த ஆள்

முதலில் தோற்க வேண்டும், பிறகுதான் ஜெயிக்க வேண்டும் என்று அந்த சார் சொல்லிக்கொடுத்தார். தோற்பதற்கு ஒரு வகுப்பு வைத்து, அதற்கு ஆளை எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏற வைத்த மனுஷன் அவர் ஒருவராகத்தான் இருக்கும். கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவளுக்குத் தோற்பது எப்படி என்று வெளியிலிருந்து ஒருத்தர் வந்து சொல்லித் தரணுமா என்ன?

எண்பதுகளின் பின்பாதி அது. கோல சிலாங்கூர் பட்டணத்தில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து, எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்று சனி ஞாயிறுகளில் கம்ப்யூட்டர் பட்டறை நடத்தியது. கடற்கரைக் காற்று அடித்தால் மாடி முழுக்கக் கருவாட்டு வாசம். அடிக்காவிட்டால் கீழே கடையிலிருந்து பெயின்ட் வாசம். இரவல் வாங்கிய பழைய மெஷின்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. சுங்கை பெசார், ஜெராம் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் எஸ்டேட்டிலிருந்து இரண்டே பேர். ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மகள் ஒருத்தி, நான் ஒருத்தி.

எனக்கு அது பொழுதுபோக்கு இல்லை. எங்கள் எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, பட்டறையில் நன்றாகச் செய்கிற ஆளுக்கு அதில் வேலை என்று மானேஜர் சொல்லியிருந்தார். அப்பா எண்ணெய் எடுக்கிற செம்பனையின் குலை வெட்டுகிறவர். நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, இழுத்து இழுத்து அவருடைய வலது தோள் கெட்டுப்போயிருந்தது. சட்டை போடும்போதே முகம் சுளிப்பார். அந்த ஆபீஸ் வேலை எனக்குக் கிடைத்தால் அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிடலாம். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் அம்மா எனக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்தாள்.

சாரின் முறை விசித்திரமானது. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். ஒருத்தர் தட்டச்சு செய்ய வேண்டும், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துச் சொல்ல வேண்டும், தப்பைக் கண்ட இடத்தில் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து சார் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டுவார். உடனே இடம் மாற வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, புரோகிராம் எழுதும் முன் அதற்கான சோதனையை எழுதிவிட வேண்டும். இன்ன கேள்வி கொடுத்தால் இன்ன பதில் வர வேண்டும் என்று முதலில் மெஷினுக்குச் சொல்லி வைப்போம். புரோகிராமே இன்னும் இல்லாததால் ஓட்டினால் திரையில் 'சாலா' என்று விழும். மலாயில் தவறு என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் புரோகிராமை எழுத வேண்டும், அதுவும் அந்த ஒரு சோதனை தேறும் அளவுக்கு மட்டும். தேறினால் 'பெத்துல்', அதாவது சரி. உடனே அடுத்த சோதனை, மறுபடி சாலா, மறுபடி பெத்துல்.

"சாலாவப் பாத்துப் பயப்படாதீங்க. மறைஞ்சிருக்கற தப்பு இருக்கே, அதுக்குத்தான் பயப்படணும். வெளிய வந்த தப்பு நம்ம கூட்டாளி" என்பார் சார். கோலாலம்பூரில் ஏதோ வங்கியில் வேலை பார்த்தவர். அயர்ன் பண்ணிய சட்டை, மடக்கிய கை. நான் அவரை அப்படியே நம்பினேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வீட்டில் அம்மாவிடம் இதை விளக்கிப் பார்த்தேன். அவள் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்து கையில் குத்திய முள்ளை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, தப்பு பண்றதுக்கா பஸ் ஏறிப் போற? அத இங்கயே பண்ணலாமே, நான் வேற சும்மாதான இருக்கேன் திட்டறதுக்கு" என்றாள்.

சார் எங்களை எஸ்டேட் வாரியாகச் சேர்த்து உட்கார வைத்தார். அப்படித்தான் நானும் கிராணி மகளும் ஒரே மெஷினுக்கு வந்தோம். இருவருக்கும் ஒரே வயது. தமிழ்ப் பள்ளியில் ஒரே வகுப்பு. ஆனாலும் அவள் என்னை நீ என்பாள், நான் அவளை நீங்க என்பேன். எஸ்டேட்டில் அது மழை மேலிருந்து கீழே பெய்கிற மாதிரி, யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவள் அப்பாவின் காரில் வந்து இறங்குவாள். அதே எஸ்டேட்டிலிருந்து நான் பஸ்ஸில் வருவேன். காரில் இடம் இருந்தது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

முதல் நாள் அவள் தப்பாகத் தட்டச்சு செய்தபோது நான் வாயைத் திறக்கவே இல்லை. கிராணி வீட்டுப் பெண்ணிடம் தப்பு என்று எப்படிச் சொல்வது? சார் பின்னால் வந்து நின்றார். "நீ என்ன, சாமி கும்பிட வந்தியா? கண்ணுக்கு முன்னால தப்பு போகுது, சொல்ல மாட்டியா?" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "தெரிஞ்சா சொல்லு லா, எனக்கென்ன?" என்றாள். அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல ருசி கண்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரி, விரல் பறக்கும். எனக்கு அதை உடைக்கிற சோதனையை யோசிப்பதில் புத்தி ஓடியது. நான் ஒரு சோதனை வைப்பேன், திரை சாலா என்னும். அவள் "அய்யோ பாவி!" என்று என் தோளில் அடிப்பாள். அப்புறம் திருத்துவாள். நான் அடுத்ததை வைப்பேன். ஒரு தடவை இருவரும் சிரித்த சிரிப்பில் சார் தம்ளர் தட்டியதே காதில் விழவில்லை. அவளை நான் நீங்க என்றே கூப்பிட்டேன், ஆனால் அந்த நாற்காலியில் இருந்தவரை அந்த நீங்க வெறும் பழக்கம்தான். அந்த மாடியை விட்டுக் கீழே இறங்கியதும் மறுபடி அவள் காருக்குப் போனாள், நான் பஸ்ஸுக்குப் போனேன்.

பட்டறையின் கடைசிப் பகுதியில், அவரவர் இடத்தில் நடக்கிற ஒரு விஷயத்தை எடுத்துப் புரோகிராம் எழுதச் சொன்னார் சார். வாழ்க்கைக்கு உபயோகமாக இருக்க வேண்டுமாம். அவள்தான் யோசனை சொன்னாள். "நம்ம எஸ்டேட்டுல உயர மரத்துக்கு யாரு போறதுன்னு மாசா மாசம் சண்டை. அத எடுக்கலாமா?"

உயர மரம் என்றால் எங்கள் எஸ்டேட்டின் ஆற்றோரப் பக்கத்தில் இருந்த கிழட்டுச் செம்பனை மரங்கள். கழியோடு கழி சேர்த்துக் கட்டினால்தான் குலைக்கு எட்டும். கீழே சகதி. மற்ற இடத்து மரங்கள் குட்டை, வேலை சுலபம். யார் எங்கே போவது என்பதைக் காலையில் பிரட்டு எடுக்கும்போது, அதாவது ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடும்போது, கிராணி வாயால் சொல்வதுதான் சட்டம். அவருக்குப் பிடித்தவனுக்குக் குட்டை மரம், எதிர்த்துப் பேசியவனுக்கு உயர மரம். இதை அவருடைய மகளே கம்ப்யூட்டரில் முறை வைத்துச் செய்யலாம் என்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

எளிய புரோகிராம்தான். ஆட்களின் பெயர் வரிசையாக இருக்கும். வரிசையின் அடியில் இருக்கிற சிலர் அந்த மாதம் உயர மரத்துக்குப் போவார்கள். அடுத்த மாதம் அவர்கள் மேலே ஏறிவிடுவார்கள், வேறு சிலர் அடிக்கு வருவார்கள். எல்லோருக்கும் சமமாகச் சுற்றும். நான் சோதனை மேல் சோதனையாக வைத்தேன், எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறின. அப்போது எனக்கு அப்பாவின் தோள் ஞாபகம் வந்தது. ஓர் ஆள் உயர மரத்தில் வேலை செய்கிறான், தோள் வலியில் எம்.சி., அதாவது டாக்டர் சீட்டில் லீவு, எடுத்துப் படுக்கிறான், குணமாகித் திரும்பி வருகிறான். அவன் பெயர் எங்கே வரும்?

ஓட்டினோம். சாலா. எம்.சி.யில் போனவனின் பெயரைப் புரோகிராம் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. திரும்பி வந்ததும் அவனைப் புது ஆள் மாதிரி அடியில் சேர்த்தது. அடியில் இருந்தால் உயர மரம். எந்த மரம் அவனைப் படுக்க வைத்ததோ அதே மரத்துக்கே அவனைத் திருப்பி அனுப்பியது.

அவள் வாயைப் பிளந்தாள். "ஐயோ, ஆமா லா! இது எனக்குத் தோணவே இல்லையே. எப்படிடி உனக்கு மட்டும் இப்படியெல்லாம் தோணுது?" திருத்துவதற்குள் அன்றைய வகுப்பு முடிந்துவிட்டது, ஆனாலும் அவளுக்கு என் மேல் பெருமை. அந்தப் பெருமைதான் எங்கள் குடியைக் கெடுத்தது. அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அப்பாவிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். "நான் என்ன எழுதினாலும் அவ தப்பு கண்டுபிடிக்கிறாப்பா, உயர மரத்துக்கு நாம ஆள் அனுப்பற விஷயத்துலகூட தப்பு கண்டுபிடிச்சிட்டாப்பா" என்று. இதைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். அவள் சொன்னது என் கெட்டிக்காரத்தனத்தை. கிராணியின் காதில் விழுந்தது வேறு.

அடுத்து வந்த திங்கட்கிழமை பிரட்டில் கிராணி அப்பாவின் பெயரைக் கூப்பிட்டு, "உனக்கு உயர மரம்" என்றார். எங்களுக்குத் தெரிந்து அப்பா தன் பங்குக்கு அங்கே உழைத்து முடித்து, வயதின் காரணமாகக் குட்டை மரத்துக்கு வந்தவர். ஏன் என்று வேலைக்கு மேஸ்திரியான மண்டோர் கேட்டதற்கு, "பொண்ணு பட்டணத்துல போய் நம்ம வேலையில தப்பு கண்டுபிடிக்குதாம்ல? அப்பன் கொஞ்சம் அண்ணாந்து பாக்கட்டும்" என்றாராம். கூட்டத்தில் சிலர் சிரித்தார்களாம். நாசமாய்ப் போன சிரிப்பு.

சாயங்காலம் அப்பா வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். வலது கை தூக்க முடியவில்லை, அம்மாதான் சட்டையைக் கழற்றிவிட்டாள். அவள் கிராணியின் ஏழு தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டுத் திட்டினாள், ஆனால் மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில். எங்கள் லயத்தில் கோபத்துக்கும் ஒரு அளவு உண்டு.

"அங்க போயி என்னா சொன்ன?" என்று கேட்டார் அப்பா.

"தப்பா ஒண்ணும் சொல்லலப்பா. அந்த வகுப்புல அப்படித்தான். கூட இருக்கறவங்க தப்ப எடுத்துச் சொல்லணும்."

"அது அந்த வகுப்புல. நாம இருக்கறது இந்த எஸ்டேட்டுல. தண்ணியில இருந்துகிட்டு முதலையோட பகை வச்சிக்க முடியுமா? போ, படி, வேணாங்கல. ஆனா வாய மூடிக்கிட்டுப் படி."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் எஸ்டேட்டில் வாயுள்ள பிள்ளையின் அப்பன்தான் பிழைக்க முடியாது. அடுத்த சனிக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று முதலில் தட்டச்சு அவள் முறை. மெஷினைத் திறந்ததும் என் கண் எதிரிலேயே அந்தச் சோதனையை, எம்.சி. எடுத்து வந்த ஆளின் சோதனையை, வரி வரியாக அழித்தாள்.

"அப்பா சொன்னாங்க, நம்ம எஸ்டேட்டுக்கு இது வேணாமாம்" என்றாள், என்னைப் பார்க்காமல். "எம்.சி. எடுக்கறவங்க பாதிப் பேர் பொய்யா எடுக்கறாங்களாம். அடிக்குப் போனாத்தான் புத்தி வருமாம்."

அவள் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. அப்பாவின் தோள் ஞாபகம் வந்தது, சும்மா இருந்தேன். அவள் புரோகிராமை ஓட்டினாள். திரை முழுக்க பெத்துல், பெத்துல், பெத்துல். சோதனையை அழித்தால் தேறிவிடுகிறது, பாருங்கள், எவ்வளவு சுலபம்! அதற்கப்புறம் நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. சார் தம்ளரைத் தட்டினார், இடம் மாறினோம், அவள் சொன்னதை நான் தட்டச்சு செய்தேன்.

நிறைவு விழா அதே மாடியில் நடந்தது. நாற்காலி போட்டு, மாலை வாங்கி, பக்கத்துக் கடையிலிருந்து கேசரியும் தேநீரும் வரவழைத்திருந்தார்கள். எஸ்டேட் மானேஜர்கள், கிராணிமார்கள் முன் வரிசையில். பெற்றவர்கள் பின்னால். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்து சுவரோரம் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, முன்னால் கிராணி இருந்ததால் உட்காரவில்லை. மானேஜர்களுக்காக எல்லாமே இங்கிலீஷில் நடந்தது. அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியாது.

எங்கள் முறை வந்தது. அவள் ஓட்டிக் காட்டினாள், எல்லாம் பெத்துல். கைதட்டினார்கள். எங்கள் மானேஜர் தலையை ஆட்டி, இதை அப்படியே ஆபீசில் வைத்துக்கொள்ளலாமே என்றார். சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. வகுப்பில் தினமும் கேட்கிற கேள்வியை அதே பழக்கத்தில் இங்கிலீஷில் கேட்டார். இன்னும் சோதிக்காதது ஏதாவது இருக்கிறதா?

நான் எழுந்துவிட்டேன். எழுந்திருக்கக் கூடாது என்றுதான் இருந்தேன், அப்பா பின்னால் நிற்கிறார் என்பதும் தெரியும். ஆனால் இந்தப் புரோகிராம் ஆபீசுக்குப் போகப்போகிறது. இருக்கிற இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சோதனையை அழித்திருக்கிறோம் சார், எம்.சி. எடுத்துத் திரும்புகிற ஆள் மறுபடி உயர மரத்துக்கே போவார், அது தப்பு.

கிராணி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். மானேஜர் சாரைப் பார்த்தார். வெளியே வந்த தப்பு நம் கூட்டாளி என்று வாய் வலிக்கச் சொன்ன அந்த மனுஷன், காலரைச் சரிபண்ணிக்கொண்டு, சிரித்தபடி, தமிழில், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, நீ உட்காரு" என்றார். அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். அன்றைக்கு அப்பாவுக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். இறங்கும்போது, "அவ்ளோ பேருக்கு முன்னால ஒன்ன உட்காருன்னு சொன்னாரே, கேட்டல்ல?" என்றார். கேட்டேன் என்றேன். வேலை கிராணி மகளுக்குப் போயிற்று. எனக்கு நல்ல மூளைதான், ஆனால் நாலு பேரோடு ஒத்துப்போகிற சுபாவம் இல்லை என்று சார் சொன்னாராம். நான் அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போனேன்.

கம்ப்யூட்டர் வந்ததும் எஸ்டேட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் முறைப்படி சுற்றியது, கிராணி இஷ்டத்துக்கு அனுப்ப முடியவில்லை. ஒரு வழியாக அப்பாவுக்கும் குட்டை மரம் வந்தது. ஆனால் அதற்குள் தோள் போய்விட்டிருந்தது. குட்டை மரத்துக்குக்கூடக் கையைத் தூக்க முடியாமல் எம்.சி. எடுத்துப் படுத்தார். எழுந்து போனார், உயர மரம் என்று வந்தது. அந்த மாதம் முடியும் முன்பே மறுபடி எம்.சி., திரும்பிப் போனால் மறுபடி உயர மரம். பிரட்டில் வாய் திறந்து ஒரு தடவை கேட்டும் பார்த்தார். "என்னை ஏன்யா கேக்கற? நான் போடல, கம்ப்யூட்டர் போட்டிருக்கு. அதுல தப்பு வராது" என்று கிராணி சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் அப்பாவின் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு இடம் மாறிக் கையில் தட்டியது.

"ஏம்மா, நீ படிச்சியே. கம்ப்யூட்டர்ல தப்பே வராதாமே, நெசமா?"

"வரும்ப்பா."

பிறகு, "அன்னைக்கு அந்தக் கூட்டத்துல எந்திரிச்சு என்னமோ இங்கிலீசுல சொன்னியே. கிராணி பொண்ண ஏதோ திட்டிட்டன்னுதான் நான் நெனச்சேன். என்னா சொன்ன?" என்றார்.

"எம்.சி. எடுத்துத் திரும்பி வர்ற ஆளு மறுபடியும் உயர மரத்துக்கே போவாரு, அது தப்புன்னு சொன்னேன்ப்பா."

அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். என்னென்னவோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். காலையில் பிரட்டு இருக்கிறது என்று சொல்லி, இடது கையை ஊன்றி எழுந்து, அரிவாளைத் தீட்டப் போனார்.